நம்மட ஓரக்கண்: 1942 ஏப்ரலில் இருந்து எங்கட சாச்சா வரைக்கும்



இது நீண்ட பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

போன கிழமை வகுப்பில் இரண்டாம் உலகப் போரில் திருகோணமலை பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஜப்பானின் கப்பற்படை 1942 ஏப்ரலில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு இந்து சமுத்திரத்துக்குள் வந்த கதையைச் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பொடியன் எழும்பிக் கேட்டான்: "சேர், இவ்வளவு பெரிய கப்பல் கூட்டம் வந்திருக்கு. அத எப்புடி சேர் கடைசி வரைக்கும் காணாம விட்டாங்க? அவங்களுக்குக் கண்ணில்லையா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கண் இருந்தது. இருந்தும் காணவில்லை. கண் எப்படித் தேடுகிறது என்று தெரிந்தால்தான் அந்த ஏப்ரல் மாதம் நமக்கு விளங்கும். எங்கட வீட்டில் நடந்த ஒரு விசயமும் எனக்கு அப்படித்தான் விளங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏப்ரல் 4: அடிவானத்தில் சில புள்ளிகள்

1942 ஏப்ரல் 4, சனிக்கிழமை. காலி மாவட்டத்தில் கொக்கல என்ற இடத்தில் ஒரு பெரிய களப்பு இருக்கிறது. நீரில் இறங்கி ஏறும் கட்டலீனா விமானங்கள் அங்கேதான் நின்றன. கனடா வான்படையின் 413-ம் அணியைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சலும் அவருடைய ஆட்களுமாக ஒன்பது பேர், விடியுமுன் அதிலொன்றில் புறப்பட்டார்கள். வேலை ஒன்றுதான்: கடலைப் பார்ப்பது. நாள் முழுக்கப் பார்ப்பது.

பின்னேரம் ஆகிவிட்டது. ஒன்றும் இல்லை. இலங்கையிலிருந்து தென்கிழக்கே 350 மைலுக்கு மேல் போயிருந்தார்கள். திரும்ப வேண்டிய நேரம். திசை பார்க்கிறவர் மட்டும், சந்திரன் எழும்பினால் அதை வைத்து நாம் நிற்கும் இடத்தைச் சரிபார்க்கலாம் என்று சொல்ல, இன்னும் ஒரு சுற்றுப் பறந்தார்கள். அந்தச் சுற்றில்தான் தெற்கு அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. என்னவென்று பார்க்கக் கிட்டப் போனார்கள். கிட்டப் போகப் போகப் புள்ளிகள் கூடின. ஜப்பானின் கப்பற்படை.

செய்தியை அனுப்பத் தொடங்கினார்கள். அது போய்க்கொண்டிருக்கும்போதே ஸீரோ விமானங்கள் வந்து கட்டலீனாவைச் சுட்டு விழுத்தின. மூன்று பேர் உயிரிழந்தார்கள். பேர்ச்சல் உட்பட ஆறு பேர் சிறைபிடிக்கப்பட்டுப் போர் முடியும்வரை ஜப்பானில் கிடந்தார்கள். ஆனால் செய்தி கொழும்புக்குக் கிடைத்துவிட்டது. அடுத்த நாள் ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பைத் தாக்க வந்தபோது, துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன. பேர்ச்சலை 'இலங்கையின் காவலர்' என்று பிறகு அழைத்தது இதனால்தான். அவர் 2004-இல் காலமானார்.

என் மாணவன் கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். எப்படிக் காணாமல் விட்டார்கள் என்பது இருக்கட்டும். இவ்வளவு பெரிய சமுத்திரத்தில் எப்படித்தான் கண்டார்கள்?

பெருவிரல் நகமளவு பார்வை

ஒரு சின்னப் பரீட்சை செய்யுங்கள். கையை முழுக்க நீட்டிப் பெருவிரலை நிமிர்த்துங்கள். அந்த நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவு இடத்தைத்தான் நம்மட கண் ஒரு நேரத்தில் மிகக் கூர்மையாகப் பார்க்கும். அதாவது இரண்டு பாகை அளவு. விழித்திரையின் நடுவில் ஒரு சின்னக் குழி உண்டு. கூம்புக் கலங்கள் அங்கேதான் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அதைவிட்டு ஓரத்துக்குப் போகப் போகக் கூர்மை மளமளவென்று குறைந்துவிடும்.

நம்ப முடியவில்லையா? இந்தப் பதிவில் ஒரு சொல்லின் மேல் கண்ணை நிறுத்துங்கள். கண்ணை அசைக்காமல் நாலு வரி கீழே உள்ள சொல்லை வாசிக்கப் பாருங்கள். முடியாது. எழுத்து இருப்பது தெரியும், என்ன எழுத்தென்று தெரியாது.

அப்படியென்றால் முழு உலகமும் தெளிவாகத் தெரிகிற மாதிரி இருக்கிறதே? கண் ஒரு விநாடியில் மூன்று நான்கு தடவை இடம் மாறுகிறது. ஒரு இடத்தில் நிற்கும், தாவும், நிற்கும், தாவும். தாவும் நேரத்தில் ஏறக்குறைய ஒன்றும் பார்ப்பதில்லை, நிற்கும்போதுதான் பார்க்கிறது. அடுத்து எங்கே தாவ வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது யார்? ஓரக்கண். அதற்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, முகம் அடையாளம் தெரியாது. ஆனால் அசைவு தெரியும், மினுக்கம் தெரியும், சூழலில் ஒட்டாத ஒரு நிறம் தெரியும். 'அங்கே ஏதோ இருக்கு, பார்' என்று நடுக்கண்ணைக் கூப்பிடுவது அதன் வேலை. வெள்ளை உடுப்பு உடுத்த கூட்டத்துக்குள் ஒரு சிவப்புச் சட்டைக்காரனை உடனே காண்பது அதனால்தான். அதே கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட உங்கள் மகனைத் தேட வேண்டுமென்றால், ஒவ்வொரு முகமாகப் போக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டேன். அடிவானத்திலிருந்து உச்சிவரை நான்கு பக்கமும் உள்ள வானத்தைப் பெருவிரல் நகமளவுத் துண்டுகளாகப் பிரித்தால் சுமார் 6,500 துண்டு வரும். விநாடிக்கு மூன்று துண்டு பார்த்தாலும் ஒருதரம் பார்த்து முடிக்க அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். மணிக்கு 200 மைல் வேகத்தில் வரும் விமானம் அதற்குள் 100 மைல் வந்துவிடும். ஆக, கூர்மையான பார்வையை மட்டும் நம்பிக் கடலையும் வானத்தையும் தேடவே முடியாது. கட்டலீனாவில் இருந்தவர்களுக்குப் புள்ளிகளைக் காட்டிக் கொடுத்ததில் ஓரக்கண்ணுக்கும் பங்கு உண்டு.

ஆயிரம் வருசத்துக்கு முந்திய பரீட்சை

இதைக் கண்டுபிடித்தது வெள்ளைக்காரன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு பந்தி.

பஸ்ராவில் சுமார் 965-இல் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, சுமார் 1040-இல் மறைந்தவர் இப்னு அல்-ஹைதம். அவர் எழுதிய 'கிதாபுல் மனாழிர்' ஏழு பாகங்கள் கொண்ட ஒளியியல் நூல். கண்ணுக்கு நேர் எதிரே உள்ளதுதான் தெளிவாகத் தெரியும், பக்கவாட்டில் உள்ளது மங்கும் என்று அவர் அதில் சொல்கிறார். சும்மா சொல்லவில்லை; எழுத்து எழுதிய ஒரு துண்டை நேரே வைத்து, இன்னொரு துண்டை மெல்ல மெல்லப் பக்கமாக நகர்த்தி, எந்த அளவில் எழுத்து மங்குகிறது என்று பார்க்கச் சொல்கிறார். ஒரு பொருளைச் சரியாக அறிய வேண்டுமென்றால் கண் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் மேலாக நகர வேண்டும், ஒரே பார்வையில் கிடைப்பது மேலோட்டமான அறிவுதான் என்றும் பிரித்துச் சொல்கிறார். அந்த நூல் லத்தீனுக்குப் போய், 1572-இல் ஐரோப்பாவில் அச்சேறியது.

அதற்குப் பிறகு கண்ணின் தாவலைக் கவனித்தவர்களில் முக்கியமானவர் பாரிஸ் நகரத்துக் கண் மருத்துவர் எமில் ஜவால். வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போகவில்லை, விட்டுவிட்டுத் தாவுகிறது என்பது 1879-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தின் வழியாக வெளியே வந்தது. ஆசிரியர் கலாசாலையில் வாசிப்பு கற்பித்தல் பாடத்தில் ஜவாலின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டேன். பரீட்சைக்கு எழுதினேன், மறந்தேன். அதை மீண்டும் தேடி வாசிக்க வைத்தது அந்தப் பொடியனின் கேள்வி.

மதரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஆலிம்களுக்கும் ஒரு தகவல். ஆங்கிலம் வாசிக்கிறவரின் ஓரக்கண் வலப்பக்கத்தில் வரப்போகும் எழுத்துகளை முன்கூட்டியே பிடிக்கிறது. ஹீப்ரு மொழி வாசிக்கிறவர்களை வைத்து 1981-இல் செய்த ஆய்வில் அது இடப்பக்கம் மாறியிருந்தது. அரபும் வலமிருந்து இடம்தான். காலையில் தமிழ், பின்னேரம் குர்ஆன் என்று ஓதுகிற நம்மட பிள்ளைகளின் கவனம் நாளுக்கு இரண்டு தடவை திசை மாற வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை தொடக்கத்தில் தடுமாறினால் உடனே அடிக்காதீர்கள், ஏசாதீர்கள்.

ஏப்ரல் 9: நம்மட ஊர்

இனி நம்மட கதைக்கு வருவோம்.

ஏப்ரல் 8 பிற்பகல் இன்னொரு கட்டலீனா, இலங்கைக்குக் கிழக்கே அதே கப்பற்படையைக் கண்டது. திருகோணமலைத் துறைமுகத்தைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. அன்றிரவே கப்பல்கள் வெளியேறித் தெற்கே போயின. அவற்றில் ஒன்று 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல். கூடவே 'வாம்பயர்' என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் போனது.

9-ம் திகதி வியாழக்கிழமை காலை மூன்றாவது கட்டலீனாவும் அந்தப் படையைக் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கியது. செய்தி இடையில் நின்றது. அதில் போன ஒருவரும் திரும்பவில்லை.

இங்கே ராடார் ஒன்று வேலை செய்தது. காலை ஏழு மணி கடந்த உடனேயே, சுமார் 90 மைல் தூரத்தில் வரும் விமானங்களை அது காட்டியது. மனிதக் கண்ணால் முடியாத தூரம். அதனால் சீனக்குடாவிலிருந்து ஹரிகேன் விமானங்கள் முன்கூட்டியே மேலெழும்ப முடிந்தது. எழும்பியும் எதிரிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. எட்டு ஹரிகேன்களை இழந்தார்கள். சீனக்குடா விமானத்தளமும் துறைமுகமும் எண்ணெய்த் தாங்கியும் அடிபட்டன. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்ற கப்பல் எரிந்தது. அந்தக் கப்பலின் உடலைத்தான் 2018-இல் நம்மட கடற்படை கடலடியிலிருந்து மேலே தூக்கியது. பலர் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

என் உம்மம்மா அப்போது சின்னப் பிள்ளை. நான் சிறுவனாக இருந்தபோது பலமுறை சொல்லியிருக்கிறா: "மொதல்ல கொக்குக் கூட்டமெண்டுதான் நெனச்ச மகன். வானத்துல ஒரு மினுக்கம். பொறகுதான் எரைச்சல் கேட்ட. உம்மா என்ன இழுத்துக்கிட்டு ஓடின. சீனக்குடாப் பக்கம் கருப்புப் புக நாளுக்கணக்கா நிண்ட." அந்த மினுக்கத்தைக் கண்டது உம்மம்மாவின் ஓரக்கண். அது கொக்கா விமானமா என்று சொல்ல நடுக்கண்ணுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் வந்துவிட்டார்கள்.

தெற்கே போன ஹெர்மிஸுக்கு என்ன நடந்தது? ஒன்பது மணிக்குச் சற்று முன், ஜப்பானியப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து எழும்பிய வேவு விமானம் மட்டக்களப்புக் கடலில் அதைக் கண்டுவிட்டது. ஹெர்மிஸில் அன்றைக்கு ஒரு விமானமும் இல்லை. பதினொரு மணிக்குள் கப்பல் கடலடிக்குப் போய்விட்டது. 307 பேர் மாண்டார்கள். வாம்பயரும் மூழ்கியது. அந்த வழியே வந்த 'வீட்டா' என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் சுமார் 600 பேரைக் கடலில் இருந்து ஏற்றியது. அந்தப் போரில் இங்கே இறந்தவர்களில் சிலருக்கு நிலாவெளி வீதி யுத்த மயானத்தில் மீசான்போல வரிசையாகக் கல் நட்டிருக்கிறார்கள். அந்த வழியால் போகும்போது ஒருமுறை இறங்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயது.

காணாமல் விட்டவர்கள் யார்?

இப்போது அந்தப் பொடியனின் கேள்விக்கு உண்மையான பதில். அன்றைக்குக் காணாமல் விட்டவர்கள் பிரித்தானியர் மட்டும் இல்லை.

அதே 9-ம் திகதி காலை கொழும்புப் பக்கமிருந்து புறப்பட்ட ஒன்பது பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் ஜப்பானியக் கப்பற்படைக்கு மேலே போய்ச் சேர்ந்தன. ஜப்பானியக் கப்பல்களில் ராடார் கிடையாது. கண்காணிப்பாளர்களின் கண்தான் எல்லாம். அவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. இரவில் பார்ப்பதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள், பெரிய தூரநோக்கிகளோடு நின்றவர்கள். ஆனாலும் தலைமைக் கப்பலான 'அகாகி'யைச் சுற்றிக் கடலில் குண்டுகள் விழுந்து தண்ணீர் எழும்பிய பிறகுதான், மேலே விமானம் நிற்பது அந்தக் கப்பலுக்குத் தெரிந்தது. குண்டுகள் கப்பலில் படவில்லை. ஐந்து பிளென்ஹைம்கள் திரும்பவில்லை.

தேர்ந்த கண்களுக்கு ஏன் தப்பியது? கண் வேலை செய்யும் விதத்திலேயே சில பலவீனங்கள் இருக்கின்றன.

ஒன்று: ஓரக்கண் அசைவுக்குத்தான் விழிக்கும். ஆனால் நம்மை நோக்கி நேராக வரும் பொருள் பக்கவாட்டில் அசையாது. ஒரே இடத்தில் நிற்கும் புள்ளியாக இருந்து, கடைசியில் திடீரென்று பெரிதாகும். மிக ஆபத்தானதுதான் மிகக் குறைவாக அசையும்.

இரண்டு: வெறும் வானத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததால், அது தன்பாட்டில் கிட்டத் தூரத்துக்குக் குவிந்துவிடும். தூரத்துப் புள்ளி மங்கிப் போகும்.

மூன்று: கவனம் ஒரு பக்கம் இழுபட்டால் மற்றப் பக்கம் வெறுமையாகிவிடும். இதற்கான விலையை ஜப்பானியர் இரண்டு மாதத்தில் கொடுத்தார்கள். 1942 ஜூன் 4, மிட்வே தீவுக்கு அருகே. தாழப் பறந்து வந்த டோர்பிடோ விமானங்களோடு ஸீரோ விமானங்கள் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் உச்சியிலிருந்து இறங்கின. அகாகியின் கண்காணிப்பாளர்கள் கண்டது மிகவும் பிந்தி. அகாகி, சொர்யூ, ஹிர்யூ என்று நம்மட கடலுக்கு வந்த ஐந்தில் மூன்று அந்தப் போரில் அழிந்தன.

தேடலைக் கணக்காக்கியவர்கள்

இந்தப் போர்தான் 'தேடுவது எப்படி' என்பதை ஒரு விஞ்ஞானமாக்கியது. அமெரிக்கக் கடற்படைக்காக வேலை செய்த பேர்னார்ட் கூப்மன் என்ற கணித அறிஞர், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவதைக் கணக்காக எழுதினார். 1946-இல் அது நூலாக வந்தது. கண் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எவ்வளவு அகலத்தைப் பிடிக்கும், எத்தனை நிறுத்தம் வேண்டும், இலக்கைக் காணும் வாய்ப்பு எவ்வளவு என்றெல்லாம் அதில் கணக்கு உண்டு. பிரித்தானியரும் இதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து பார்த்தார்கள். கடல் ரோந்து விமானங்களின் அடியில் வெள்ளை நிறம் பூசினார்கள். மேகத்துக்கு முன்னால் வெள்ளை விமானம் எடுபடாது. நீர்மூழ்கியில் நிற்பவன் காணப் பிந்துவான்.

இரவுக் காவலுக்கு நேரெதிரான ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்: தேடும் பொருளை நேராகப் பார்க்காதே, சற்றுத் தள்ளிப் பார். மங்கிய ஒளியில் வேலை செய்வது கோல் கலங்கள். ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 12 கோடி இருக்கின்றன. ஆனால் கண்ணின் நட்ட நடுவில் ஒன்றுகூட இல்லை. அதனால் இருட்டில் ஓரக்கண்தான் ராசா. கரண்ட் போன இரவொன்றில் கடற்கரைக்குப் போய் மங்கிய ஒரு நட்சத்திரத்தை நேராகப் பாருங்கள், மறைந்துவிடும். சற்றுப் பக்கமாகப் பாருங்கள், திரும்ப வரும். இரவுக் கடலுக்குப் போகும் நம்மட ஆட்களுக்கு இது புதினமாக இருக்காது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணித்தியாலம் வேண்டும் என்பதால், காவலுக்குப் போகுமுன் சிவப்புக் கண்ணாடி போட்டிருக்கச் செய்தார்கள். கோல் கலங்களுக்குச் சிவப்பு ஒளி ஏறத்தாழத் தெரியாது; அவை பழகிய நிலையிலேயே இருக்கும்.

இன்னொருவர் நோர்மன் மெக்வேர்த். ராடார் திரையைப் பார்த்திருப்பவர்கள் ஏன் நேரம் போகப் போகத் தவற விடுகிறார்கள் என்று பார்க்க, ஒரு முள் மட்டும் உள்ள கடிகாரம் செய்தார். முள் எப்போதாவது ஒருதரம் இரண்டு மடங்கு தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் அரை மணித்தியாலத்துக்குள்ளேயே மனிதர்கள் தவற விடத் தொடங்கினார்கள். 1948-இல் இதை வெளியிட்டார்.

பிறையும் புருவ முடியும்

நமக்கு இது பழக்கமான தேடல். ரமழான் பிறை பார்க்க நின்ற அனுபவம் இல்லாதவர் நம்மில் யார்? நமக்குக் கடல் கிழக்கே. பிறையோ மேற்கே, மரங்களுக்கும் மலைகளுக்கும் மேலே. பொழுது பட்ட பிறகு கொஞ்ச நேரம்தான். ஒருவர் கண்டுவிட்டு விரலால் காட்டினால் மற்றவர்களுக்கும் 'ஆ, அந்தா!' என்று தெரிந்துவிடும். காணுமுன் அதே இடத்தின் மேலாகப் பத்துத் தடவை கண் போயிருக்கும். கண் தாவும்போது பார்ப்பதில்லை என்று சொன்னேனே, அதுதான்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். முதலில் தூரத்து மரம் ஒன்றை உற்றுப் பார்த்துக் கண்ணைத் தூரத்துக்குப் பழக்குங்கள். பிறகு சூரியன் மறைந்த இடத்துக்கு மேலே வானத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு விநாடியாவது நிறுத்திப் பாருங்கள். இடையிடையே மீண்டும் மரத்தைப் பாருங்கள். ஆளுக்கொரு துண்டு பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

இதில் மறுபக்கமும் உண்டு: இல்லாததைக் காண்பது. பஸ்ராவின் காழியாக இருந்த இயாஸ் இப்னு முஆவியா பற்றி வரலாற்று நூல்களில் ஒரு செய்தி வரும். நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் நூறு வயதை நெருங்கிய காலத்தில், மற்றவர்கள் பிறை பார்த்துக்கொண்டு நிற்க, 'நான் கண்டுவிட்டேன், அதோ' என்று காட்டினார்களாம். வேறு ஒருவருக்கும் தெரியவில்லை. இயாஸ் பார்த்தார், அவருடைய வெண்புருவத்தில் ஒரு முடி வளைந்து கண்ணுக்கு முன்னால் தொங்கியது. மரியாதையோடு அதை ஒதுக்கிவிட்டு, 'இப்போது காட்டுங்கள்' என்றாராம். 'இப்போது காணவில்லை' என்றார்கள்.

எனக்கு மிகப் பிடித்த செய்தி இது. இயாஸ் அந்தப் பெரியவரைப் பொய்யர் என்று சொல்லவில்லை. கண்ணைப் பார்த்தார்.

எங்கட சாச்சா

இப்போது வீட்டு விசயம். சாச்சாவிடம் அனுமதி கேட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கட சாச்சா கலகலப்பான மனுசன். ஆறேழு வருசத்துக்கு முன் அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை கிளம்பியது: "அந்தாளுக்கு இப்ப பெருமை. பக்கத்தால போய் ஸலாம் சொன்னாலும் திரும்பிப் பார்க்கிறார் இல்ல." வியாபாரம் கொஞ்சம் நல்லா வந்த காலம். அதனால் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். ஒருநாள் பள்ளிவாசல் வாசலில் அவருக்குப் பக்கவாட்டில் நின்று ஸலாம் சொல்லிக் கை நீட்டினேன். சந்தடியில் ஸலாம் கேட்கவில்லை, கையையும் காணவில்லை. அப்படியே நடந்து போனார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. இரண்டு பெருநாள் அவர் வீட்டுக்குப் போகவில்லை.

பிறகு படியில் தடுக்கி விழுந்தார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். ஒருநாள் சந்தியில் பக்கத்தால் வந்த ஓட்டோவைக் காணாமல் இறங்கி, மயிரிழையில் தப்பினார். அதற்குப் பிறகுதான் கண் கிளினிக்குக்குப் போனது. குளுக்கோமா. இரண்டு கண்ணிலும் பக்கப் பார்வை பெரும்பகுதி போய்விட்டிருந்தது. குழாய் ஒன்றுக்குள்ளால் பார்க்கிற மாதிரி நடுப்பார்வை மட்டும் மிச்சம். பத்திரிகை வாசிப்பார், கணக்குப் பார்ப்பார், கண்ணாடிக் கடையில் எழுத்து அட்டையைக் கடைசி வரிவரை வாசிப்பார். ஆனால் பக்கத்தில் நீட்டிய கை தெரியாது.

வலி இல்லை, சிவப்பு இல்லை. ஓரத்தில் இழந்ததைத் தாவித் தாவிக் கண் நிரப்பிக்கொள்வதால் அவருக்கே தெரியவில்லை. போன பார்வை திரும்பி வராது. மருந்துத் துளியும் சிகிச்சையும் மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான்.

அவர் எனக்குச் சொன்ன ஒரு வார்த்தையை இன்னும் மறக்க முடியவில்லை. "தம்பி, ஆக்கள் எனக்கு ஸலாம் சொல்றத்த நிப்பாட்டிட்டாங்க எண்டு நான் நெனச்ச." நாங்கள் அவரைப் பெருமைக்காரன் என்று நினைத்தோம். அவர் நம்மை அப்படி நினைத்திருக்கிறார்.

ஒன்பது விமானம் மேலே நின்றும் காணாத கப்பல்காரனைப் பற்றிப் பாடம் நடத்துகிற நான், என் சொந்தச் சாச்சா ஏன் காணவில்லை என்று யோசிக்கவில்லை. இயாஸ் செய்ததை நான் செய்யவில்லை.

வேண்டுகோள்

நாற்பது வயது தாண்டியவர்கள் கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்ததோடு நிற்காமல், கண் கிளினிக்கில் கண் அழுத்தத்தையும் நரம்பையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் யாருக்காவது குளுக்கோமா இருந்தால் கட்டாயம் போங்கள். இரத்த உறவில் வரும் வாய்ப்புக் கூட. நான் போய்வந்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ், இப்போதைக்குப் பிரச்சினை இல்லை.

மோட்டார் சைக்கிள் ஓடும் தம்பிமார், சந்தியில் ஒருதரம் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் இரண்டுதரம் நிறுத்திப் பாருங்கள். நேரே உங்களை நோக்கி வருகிறவன் அசையாத புள்ளியாகத்தான் தெரிவான்.

ஸலாத்துக்குப் பதில் வரவில்லை என்றால், மனதில் எதையும் வைக்குமுன் அவருக்கு முன்னால் வந்து நின்று இன்னொருதரம் சொல்லுங்கள்.

1942 பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அதைக் கண்ணால் கண்டவர்கள் இப்போது மிகச் சிலர்தான் மிச்சம். பிள்ளைகளுக்காக ஒரு கொப்பியில் சேர்த்து வைக்கிறேன். சாச்சாவுக்கும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.